குளிர்ந்த குழாயில் மிகைவெப்பமா? குளிர்சாதனத்தின் நாடி பிடிப்போம்

மாணவர்களே, ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குவோம்.

வீட்டுக்கு வெளியே சுவரில் மாட்டியிருக்கும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இரண்டு செப்புக் குழாய்கள் வீட்டுக்குள் போகும். ஒன்று மெல்லியது, மற்றொன்று பருமனானது. சாதனம் ஓடும்போது பருமனான குழாயைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். மேலுறை கிழிந்த இடத்தில் நீர் துளிர்த்து நிற்கும். அந்தக் குழாயின் வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். நம் உடலைவிட, அறையைவிட, ஏன், குழாயில் வரும் தண்ணீரைவிடவும் குளிர்ச்சி. ஆனால் குளிர்சாதனத் தொழில் தெரிந்தவர் அதற்குள் ஓடும் ஆவியை "மிகைவெப்ப ஆவி" என்கிறார்.

தொட்டால் ஜில்லிடும் ஒன்றில் மிகையான வெப்பம் எங்கிருந்து வந்தது? இந்த முரண்பாட்டை அவிழ்த்தால், நான்காம் படிவ இயற்பியலில் நீங்கள் படிக்கும் வெப்பப் பாடம் வீட்டுச் சுவரிலேயே உயிரோடு ஓடிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். (இக்கட்டுரையில் பாகை என்று வரும் இடமெல்லாம் பாகை செல்சியஸ்.)

இந்தப் பாடத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டது வகுப்பறையில் அன்று. பணத்தைக் கொட்டிய பிறகுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் தாமான் வீட்டின் படுக்கையறையில் ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் இருக்கிறது. இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண வகை. ஆர்-32 என்ற குளிரூட்டுப் பொருளில் ஓடுவது. ஒரு நாள் அது சரியாகக் குளிரவில்லை. பழுதுபார்க்க வந்தவர் வெளிப்பெட்டியில் அழுத்தமானியைப் பொருத்தினார். முள் வழக்கத்தைவிடக் கீழே நின்றது. "சார், கேஸ் கம்மியா இருக்கு. கொஞ்சம் ஏத்தினா சரியாயிடும்" என்றார். ஏற்றினார். பணம் வாங்கினார். போனார்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே கதை. இம்முறை வெளிப்பெட்டியிலிருந்து 'டொக், டொக்' என்று ஒரு புதுச் சத்தமும் சேர்ந்துகொண்டது. அவரைக் கூப்பிடாமல் வேறோர் இளைஞரை அழைத்தேன். அவரும் அழுத்தமானியைப் பொருத்தினார். முள் மறுபடியும் கீழேதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கவ்வி போன்ற ஒரு வெப்பமானியைப் பையிலிருந்து எடுத்துப் பருமனான குழாயில் மாட்டினார். ஐந்து நிமிடம் காத்திருந்தார். இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, "சார், இதுல கேஸ் கம்மி இல்ல. மூச்சு முட்டுது" என்றார்.

ஒரே அழுத்தத்தைப் பார்த்த இருவர் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். இரண்டாமவருக்கு மட்டும் எப்படிச் சரியான விடை கிடைத்தது? அதற்கு நாம் மூன்று படிகள் ஏற வேண்டும்.

முதற்படி: கொதிநிலை மாறும்

தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும் என்று கேட்டால் உடனே 100 என்போம். கடல் மட்டத்தில் அது சரி. கேமரன் மலையில் தானா ராத்தா ஊரில் அடுப்பு மூட்டினால், தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே காற்றழுத்தம் குறைவு. நீரின் மூலக்கூறுகள் மேற்பரப்பை விட்டு வெளியேற, அவற்றை அழுத்திக்கொண்டிருக்கும் காற்றை வெல்ல வேண்டும். அழுத்தம் குறைந்தால் வெல்வது எளிது.

இதற்கு நேர் எதிரானது நம் வீட்டுப் பிரஷர் குக்கர். மூடிய பாத்திரத்தில் நீராவி சேர்ந்து அழுத்தம் ஏறுகிறது. காற்றழுத்தத்தின் இரு மடங்கு ஆகும்போது நீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 பாகைக்குப் போய்விடும். அதனால்தான் கடலையும் இறைச்சியும் சீக்கிரம் வேகின்றன.

ஆகவே கொதிநிலை என்பது ஒரு பொருளுக்கு எழுதிவைத்த ஒற்றை எண் அன்று. அழுத்தம் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். ஓர் அழுத்தத்துக்கு ஒரு கொதிநிலை. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். குளிர்சாதனம் முழுவதும் இந்த ஒரு வரியின்மேல்தான் நிற்கிறது.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் உடனிருக்க இதைச் செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத பெரிய மருந்துச் சிரிஞ்சில் ஏறத்தாழ 70 பாகை வெந்நீரைச் சிறிதளவு உறிஞ்சிக்கொள்ளுங்கள். காற்றை வெளியேற்றி, முனையை இறுக மூடி, தண்டைப் பின்னே இழுங்கள். அடுப்பே இல்லாமல் நீர் குமிழியிட்டுக் கொதிக்கும். வெந்நீர் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

இரண்டாம் படி: கொதிக்கும்போது வெப்பமானி நிற்கும்

அடுப்பில் நீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. தீயைக் கூட்டுகிறோம். குமிழிகள் அதிகமாகும், ஆனால் வெப்பமானி 100 பாகையைத் தாண்டாது. அப்படியானால் நாம் கொடுக்கும் வெப்பம் எங்கே போகிறது? நீரை ஆவியாக மாற்றுவதிலேயே முழுவதும் செலவாகிறது. இதுவே உள்ளுறை வெப்பம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற அறிஞர் 1760களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தார். அவருடைய ஆசிரியர் வில்லியம் கல்லன் 1750களிலேயே ஈதர் என்ற திரவத்தின் மேலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, அது கொதிக்கும்போது சுற்றுப்புறம் குளிர்வதைக் காட்டியிருந்தார். ஆசிரியரும் மாணவரும் கண்ட இந்த இரண்டையும் சேர்த்தால் கிடைப்பதுதான் குளிர்சாதனம்.

எண்களைப் பாருங்கள். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை கூட்ட 4.2 கிலோஜூல் தேவை. 20 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர:

4.2 × 80 = 336 கிலோஜூல்.

100 பாகையில் நிற்கும் அதே நீரை 100 பாகை ஆவியாக மாற்ற ஏறத்தாழ 2260 கிலோஜூல் தேவை. ஆறு மடங்குக்கும் மேல்! வெப்பநிலை ஒரு பாகைகூட ஏறவில்லை. ஆனால் வெப்பம் வெள்ளமாக உள்ளே போயிருக்கிறது.

கடைசிச் சொட்டு நீரும் ஆவியான பிறகு என்ன நடக்கும்? தண்ணீர் வற்றிய சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும்வரை சட்டி கருகாது. வற்றிய மறு நிமிடமே சூடு விறுவிறுவென்று ஏறும். ஆவியும் அப்படித்தான். திரவம் தீர்ந்த பிறகு வரும் வெப்பம் ஆவியின் வெப்பநிலையை உயர்த்தத் தொடங்குகிறது. நீராவியை 1 பாகை உயர்த்த ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2 கிலோஜூல் போதும். அதனால்தான் இந்த ஏற்றம் இவ்வளவு வேகம்.

ஆக, ஓர் ஆவி தன் கொதிநிலையைவிட மேலே போயிருந்தால், அதனருகே திரவம் மிச்சமில்லை என்று பொருள். மிகைவெப்பம் சொல்லும் முதற்செய்தி இதுதான்: "திரவம் தீர்ந்துவிட்டது."

மூன்றாம் படி: ஒரு சுற்றுப் பயணம்

இப்போது நீரை விட்டுவிட்டு ஆர்-32க்கு வருவோம். சாதாரண காற்றழுத்தத்தில் இதன் கொதிநிலை ஏறத்தாழ -52 பாகை. திறந்த கிண்ணத்தில் வைத்தால் நம் ஊர் வெயிலில் உடனே கொதித்து ஆவியாகிவிடும். மூடிய குழாய்க்குள் அழுத்தத்தை மாற்றி, இதை நாம் விரும்பும் வெப்பநிலையில் கொதிக்கவும் திரும்பத் திரவமாகவும் வைக்கலாம். இப்படி ஒரு மூடிய சுற்றை அமைக்கும் முறைக்கு ஜேக்கப் பெர்கின்ஸ் 1834ஆம் ஆண்டில் லண்டனில் காப்புரிமை பெற்றார். இன்றைய சாதனத்திலும் அதே நான்கு நிலைகள்தாம்.

1. அமுக்கி. இதைத்தான் கம்ப்ரசர் என்கிறோம். வெளிப்பெட்டியில் இருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் வரும் ஆவியை உறிஞ்சி, அழுத்தி, மிகுந்த அழுத்தத்தில் வெளியே தள்ளுகிறது. அழுத்தப்பட்ட ஆவி கொதிக்கும் சூட்டோடு வரும்.

2. ஒடுக்கி. வெளிப்பெட்டியின் பின்புறமுள்ள தகடுகள் நிறைந்த சுருள். இங்கே அழுத்தம் அதிகம் என்பதால் ஆர்-32இன் கொதிநிலையும் 45 பாகை அளவுக்கு ஏறியிருக்கும். வெளிக்காற்று 33 பாகை. சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கு வெப்பம் போகும் அல்லவா? ஆகவே ஆவி தன் உள்ளுறை வெப்பத்தை வெளிக்காற்றிடம் கொட்டிவிட்டுத் திரவமாகிறது. வெளிப்பெட்டியின் முன்னால் நின்றால் முகத்தில் அடிக்கும் சூடு அதுதான்.

3. விரிவுக் கருவி. எங்கள் வீட்டுச் சாதனத்தில் இது மயிரிழை போன்ற துளையுள்ள நீண்ட நுண்குழாய். குறுகிய வழியில் திரவம் நெருக்கியடித்துப் போய் மறுபக்கம் வரும்போது அழுத்தம் சட்டென இறங்குகிறது. அழுத்தம் இறங்கினால் கொதிநிலையும் இறங்கும். திரவத்தில் ஒரு பகுதி உடனே கொதித்து, மீதித் திரவத்திடமிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இதனால் எல்லாமே 10 பாகை அளவுக்குக் குளிர்ந்துவிடுகிறது.

4. ஆவியாக்கி. அறைக்குள் இருக்கும் சுருள். இங்கே ஆர்-32 ஏறத்தாழ 10 பாகையில் கொதிக்கிறது. அறையின் காற்று 27 பாகை. நமக்குக் குளிர்ந்த காற்றாகத் தெரிவது, 10 பாகையில் கொதிக்கும் திரவத்துக்கு எரியும் அடுப்பு! விசிறி அறைக்காற்றைச் சுருளின்மேல் ஓட்ட, அதன் வெப்பத்தை வாங்கி ஆர்-32 ஆவியாகிறது. அங்கே ஒரு கிலோகிராம் ஆர்-32 முழுவதும் ஆவியாக ஏறத்தாழ 300 கிலோஜூல் தேவை. ஆவியான பிறகு அதை 1 பாகை சூடேற்றச் சுமார் ஒன்றரை கிலோஜூலே போதும்.

இந்த ஒப்பீட்டைக் கவனியுங்கள். அறையைக் குளிர்விக்கும் உண்மையான வேலையைக் கொதிக்கும் திரவமே செய்கிறது. திரவம் தீர்ந்த பிறகு ஓடும் ஆவி பெயருக்கு மட்டும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்.

இனி மிகைவெப்பத்தைக் கணக்கிடலாம்

இலக்கணம் எளிது:

மிகைவெப்பம் = குழாயில் அளந்த ஆவியின் வெப்பநிலை − அந்த அழுத்தத்தில் அதன் கொதிநிலை

முதல் எண்ணை வெப்பமானி தரும். இரண்டாவது எண்ணை யார் தருவார்? அழுத்தமானிதான். ஓர் அழுத்தத்துக்கு ஒரு கொதிநிலை என்று படித்தோம் அல்லவா? ஆகவே அழுத்தம் தெரிந்தால் கொதிநிலையை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். ஆர்-32க்கான அட்டவணையின் ஒரு பகுதி இது. அழுத்தமானி காற்றழுத்தத்துக்கு மேலுள்ள அழுத்தத்தை மட்டும் காட்டும். எண்கள் அப்படியே தரப்பட்டுள்ளன, சற்று முழுமையாக்கப்பட்டவை.

480 கிலோபாஸ்கல்: கொதிநிலை -10 பாகை
590 கிலோபாஸ்கல்: கொதிநிலை -5 பாகை
710 கிலோபாஸ்கல்: கொதிநிலை 0 பாகை
850 கிலோபாஸ்கல்: கொதிநிலை 5 பாகை
1005 கிலோபாஸ்கல்: கொதிநிலை 10 பாகை
1180 கிலோபாஸ்கல்: கொதிநிலை 15 பாகை

நல்ல நிலையில் ஓடும் ஒரு சாதனத்தை எடுத்துக்கொள்வோம். பருமனான குழாயில் அழுத்தம் 1005 கிலோபாஸ்கல். அட்டவணைப்படி கொதிநிலை 10 பாகை. குழாயில் கவ்விய வெப்பமானி 16 பாகை காட்டுகிறது.

மிகைவெப்பம் = 16 − 10 = 6 பாகை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை வந்துவிட்டது. 16 பாகை நம் கைக்குக் குளிர்ச்சி. ஆனால் 10 பாகையில் கொதிக்கும் ஒரு பொருளுக்கு அது கொதிநிலையைத் தாண்டிய சூடு. 'மிகை' என்பது நம் தோலை வைத்துச் சொன்ன சொல் அன்று. அந்தப் பொருளின் கொதிநிலையை வைத்துச் சொன்ன சொல்.

ஏன் 6 பாகை? சுழியமாக இருந்தால் ஆகாதா?

திரவம்தான் குளிர்விக்கிறது என்றால், சுருளின் கடைசி முனைவரை திரவம் நிறைந்திருந்தால் இன்னும் நல்லதுதானே என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் சுருளுக்கு அடுத்து இருப்பது அமுக்கி.

ஆவியை அழுத்தினால் சுருங்கும். திரவம் ஏறக்குறையச் சுருங்கவே சுருங்காது. ஆவிக்காகச் செய்யப்பட்ட அமுக்கிக்குள் திரவம் புகுந்தால், அதன் வால்வுகளும் மற்றப் பாகங்களும் அடிவாங்கும். அத்தோடு, உள்ளே உராய்வைக் குறைக்க இருக்கும் எண்ணெயையும் திரவம் கரைத்துக் கழுவிவிடும். எண்ணெய் இல்லாத இயந்திரம் எத்தனை நாள் ஓடும்?

ஆகவே கடைசிச் சொட்டும் ஆவியாகிவிட்டது என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும். அந்த அத்தாட்சிதான் சில பாகை மிகைவெப்பம். மிகைவெப்பம் சுழியம் என்றால், ஆவியோடு திரவமும் கலந்து வரலாம் என்ற எச்சரிக்கை.

அளவு மிஞ்சினாலும் ஆபத்து. மிகைவெப்பம் 20 பாகை என்றால், திரவம் சுருளின் தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. மீதிச் சுருள் வேலையில்லாமல் கிடக்கிறது, அறை குளிராது. அமுக்கியின் மின்னோடி, தன்னைக் கடந்து வரும் குளிர்ந்த ஆவியால்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வரும் ஆவியே குறைவாகவும் சூடாகவும் இருந்தால் அமுக்கி காய்ந்துபோகும், எண்ணெயும் கெடும்.

பல சாதனங்களில் 5 முதல் 8 பாகைவரை உள்ள மிகைவெப்பம் நல்ல அறிகுறி. நுண்குழாய் வகையில் வெளிவெயிலுக்கும் அறைவெப்பத்துக்கும் ஏற்ப இது மாறும். ஆகவே தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் எண்ணையே பின்பற்ற வேண்டும். இன்வெர்ட்டர் வகைகள் பலவற்றில் மின்னணு விரிவு வால்வு இருக்கிறது. சுருளில் பதித்த உணரிகள் வெப்பநிலையைச் சொல்லச் சொல்ல, அந்த வால்வு தானே திறந்தும் மூடியும் மிகைவெப்பத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும்.

ஒரே அழுத்தம், இரண்டு நோய்கள்

இப்போது எங்கள் வீட்டுக்குத் திரும்புவோம். அழுத்தமானி 590 கிலோபாஸ்கல் காட்டியது. கொதிநிலை -5 பாகை. இது வழக்கத்தைவிடக் குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏன் குறைந்தது? காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம்.

முதல் காரணம், குளிரூட்டுப் பொருள் குறைந்திருக்கலாம்; அல்லது நுண்குழாயில் அடைப்பு இருக்கலாம். சுருளுக்குள் திரவம் கொஞ்சமாகத்தான் வருகிறது. அமுக்கியோ வழக்கம்போல் உறிஞ்சுகிறது. வரவு குறைந்து செலவு அப்படியே இருந்தால் அழுத்தம் இறங்கத்தானே செய்யும்? வந்த கொஞ்சத் திரவமும் சுருளின் தொடக்கத்திலேயே கொதித்து முடிந்துவிடும். பிறகு ஆவி மட்டும் அறைக்காற்றில் சூடேறிக்கொண்டே வரும். அப்போது குழாய் 17 பாகை காட்டலாம்.

மிகைவெப்பம் = 17 − (-5) = 22 பாகை.

இரண்டாம் காரணம், சுருளின்மேல் காற்று சரியாக ஓடாமல் இருக்கலாம். வடிகட்டியில் தூசு அடைத்திருக்கலாம். விசிறியில் அழுக்கு படிந்திருக்கலாம். திரவம் நிறைய வருகிறது. ஆனால் அதைக் கொதிக்க வைக்க வெப்பம் கிடைக்கவில்லை. அடுப்பைத் தணித்த பானைபோல, ஆவி குறைவாகவே உண்டாகிறது. அமுக்கி உறிஞ்சுவதை நிறுத்தவில்லை. ஆகவே இங்கும் அழுத்தம் இறங்கும். கொதிநிலை சுழியத்துக்குக் கீழே போனதும் காற்றிலுள்ள ஈரம் சுருளின்மேல் பனிக்கட்டியாக உறையும். அந்தப் பனி மிச்சமிருந்த காற்றோட்டத்தையும் அடைக்கும். கொதிக்காத திரவம் ஆவியோடு சேர்ந்து குழாயில் திரும்பி வரும். குழாய் -4 பாகை காட்டும்.

மிகைவெப்பம் = -4 − (-5) = 1 பாகை.

பார்த்தீர்களா? அழுத்தமானியில் இரண்டும் ஒன்றே. மருந்து மட்டும் நேர் எதிர். முதல் நோய்க்குக் கசிவை அடைத்துக் கேஸ் ஏற்ற வேண்டும். இரண்டாம் நோய்க்குக் கேஸ் ஏற்றினால், ஏற்கெனவே கொதிக்காமல் திரும்பும் திரவத்தோடு இன்னும் கொஞ்சம் திரவத்தைச் சேர்த்து அமுக்கிக்கு அனுப்புகிறோம். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அந்த 'டொக், டொக்' சத்தம், திரவம் தட்டிய சத்தம்.

இளைஞருடைய வெப்பமானி அன்று காட்டியது -4 பாகை. உள்பெட்டியைத் திறந்தார். வடிகட்டி எப்போதோ பார்த்தது, போர்வைபோல் தூசு. அதற்குப் பின்னால் சுருளில் வெள்ளையாகப் பனி. பனியைக் கரையவிட்டு எல்லாவற்றையும் கழுவித் துடைத்த பிறகு மறுபடி அளந்தார். இப்போது அழுத்தம் 1180, குழாய் 16 பாகை. மிகைவெப்பம் இன்னும் 1 பாகைதான். "முன்னால ஏத்தின கேஸ் கூடுதலா நிக்குது சார்" என்றார். இருந்ததை முழுவதும் ஒரு உருளையில் சேகரித்துக்கொண்டு, வெளிப்பெட்டியின் தகட்டில் எழுதியுள்ள எடையைத் தராசில் நிறுத்து ஏற்றினார். கடைசியில் 1005, 16. மிகைவெப்பம் 6. சத்தமும் நின்றது.

வடிகட்டியைக் கழுவ எனக்குப் பத்து நிமிடமும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். அதைச் செய்யாததற்கு இரண்டு முறை பணம் கொடுத்தேன். நல்லவேளை, அமுக்கி பிழைத்தது. முதலில் வந்தவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் பார்த்த எண் சரியானதே. ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்ததுதான் தவறு. காய்ச்சல் என்றவுடன் காரணம் பார்க்காமல் ஒரே மருந்தைக் கொடுப்பதைப் போன்றது அது.

இது பணத்தோடு முடியும் கதையன்று

குளிர்சாதனத்தின் கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதன்று. மூடிய சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுவது. அது உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே இருந்தால், அவ்வளவையும் வானத்தில் விடுகிறோம்.

ஒரு கிலோகிராம் ஆர்-32 வெளியேறினால், 100 ஆண்டுக் கணக்கில் அது 675 கிலோகிராம் கரியமிலவாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்கும். இதற்கு முன்பு பரவலாக இருந்த ஆர்-410ஏ வகைக்கு அந்த எண் 2088. இதனால்தான் சிங்கப்பூரில் 2022 அக்டோபர் 1 முதல், வீட்டுப் பிளவுவகைக் குளிர்சாதனங்களில் இந்த எண் 750ஐத் தாண்டும் பொருள்களைக் கொண்டவற்றை விற்பனைக்கு விட முடியாது என்ற விதி வந்தது. 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில், மாண்ட்ரியல் உடன்படிக்கையின் திருத்தமாக, இத்தகைய பொருள்களைப் படிப்படியாகக் குறைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. சட்டம் நாடுகளுக்கிடையே நடக்கிறது. ஆனால் கேஸ் கசிவது நம் வீட்டுச் சுவரில்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அழுத்தமானியைப் பொருத்துவதும் கேஸ் ஏற்றுவதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. குழாயில் அழுத்தம் மிகுதி; ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியதும்கூட. அதில் நீங்கள் கைவைக்கக் கூடாது. ஆனால் இவற்றைச் செய்யலாம்:

சாதனத்தை நிறுத்தி, வடிகட்டியைக் கழற்றி மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

குளிர் குறைந்தால் உள்பெட்டியின் சுருளில் பனி தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

"கேஸ் குறைவு" என்று யாராவது சொன்னால், பணிவாக இரண்டு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, குழாயோட வெப்பநிலையையும் பார்த்தீங்களா? கேஸ் குறைஞ்சிருந்தா எங்க கசியுது?" வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார், மகிழ்ச்சியோடு விளக்குவார்.

பயிற்சி

மேலேயுள்ள அட்டவணையைப் பயன்படுத்தி விடை காணுங்கள். எல்லாமே ஆர்-32 சாதனங்கள்.

1. அழுத்தம் 850 கிலோபாஸ்கல். குழாய் 12 பாகை. மிகைவெப்பம் எவ்வளவு? சாதனத்தின் நிலை என்ன?

2. அழுத்தம் 710 கிலோபாஸ்கல். குழாய் 18 பாகை. சுருளின் பெரும்பகுதியில் இருப்பது திரவமா, ஆவியா?

3. அழுத்தம் 710 கிலோபாஸ்கல். குழாய் 1 பாகை. கேஸ் ஏற்றலாமா? முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

4. அழுத்தமானி சுழியம் காட்டும் இடத்தில் ஆர்-32 திரவம் இருந்தால், அது எத்தனை பாகையில் கொதிக்கும்?

விடைகள்

1. 12 − 5 = 7 பாகை. நல்ல நிலை.

2. 18 − 0 = 18 பாகை. திரவம் தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டது, பெரும்பகுதியில் ஆவிதான். கசிவையோ அடைப்பையோ தேட வேண்டும்.

3. 1 − 0 = 1 பாகை. ஏற்றக் கூடாது. திரவம் திரும்பி வருகிறது. முதலில் வடிகட்டியையும் விசிறியையும் பார்க்க வேண்டும்.

4. அழுத்தமானியின் சுழியம் என்பது சாதாரண காற்றழுத்தம். ஆகவே ஏறத்தாழ -52 பாகை.

இரண்டாவது, மூன்றாவது கணக்குகளை மறுபடியும் அருகருகே வைத்துப் பாருங்கள். அழுத்தம் ஒன்றே, முடிவு வேறு. இன்று இரவு குளிர்சாதனத்தை முடுக்குவதற்கு முன் ஒருமுறை வடிகட்டியைத் திறந்து பாருங்கள். பாடத்தின் செய்முறைப் பகுதி அங்கேதான் தொடங்குகிறது.